புகைக் கொட்டகைக்கு அனுப்பாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். அங்கே மழை விட்டதா? மத்தியானச் சாப்பாட்டைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே அள்ளிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் விட்டதா? மழையைப் பற்றிக்கூட எனக்கு நம்பிக்கை இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி உன் அம்மா கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

போனில் உன்னோடு பேசி முடிக்க முடியாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ பத்து சொல்வாய். அது உன் அப்பா வழிச் சொத்து. கடிதமென்றால் குறுக்கே பேச வழியில்லை, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

கார்டிஃபில் உன் ஆபீசில் ஊழியர் விதிகளை எழுதும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றதும் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அடுத்த நிமிஷமே, "கிடங்கில் மூணு பேர் வேப் அடிக்கிறாங்க, பக்கத்தில் இருக்கிறவங்க புகார் சொல்றாங்க. அரசாங்கமே சட்டம் போட்டு எல்லா வேலை இடத்திலும் தடை பண்ணிட்டா எனக்கு வேலை மிச்சம் அத்தை" என்றாய். கூடாது என்றேன். "ஆயுசு முழுக்க நெஞ்சு நோய் வார்டில் நர்ஸா இருந்துட்டு நீங்களா இப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாய் பார், அதற்குப் பதில்தான் இது. அந்த வார்டில் இருந்ததால்தான் சொல்கிறேன், கண்ணு.

தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகளை நீ பார்த்ததில்லை. நுரையீரலில் நிலக்கரித் தூசு படிந்திருக்கும். அதற்கு மேல் சிகரெட். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருப்பார்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் பைஜாமாவோடு, டிரிப் ஸ்டாண்டை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, பின்பக்க அவசரகாலப் படிக்கட்டில் போய் நின்று தூறலில் சிகரெட் பற்ற வைப்பார்கள். திட்டி அழைத்து வந்து படுக்க வைத்தால் மறுநாளும் போவார்கள். அவர்களுக்குப் புத்தி இல்லை என்றா நினைக்கிறாய்? நிக்கோட்டின் அப்படிப் பிடித்து வைத்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நர்சுகளின் ஓய்வறையிலேயே சாம்பல் கிண்ணம் இருந்தது. 1974-இல் பிரிட்டனில் பெரியவர்களில் 45 விழுக்காட்டினர் சிகரெட் பிடித்தார்கள். இன்று அது எட்டுப் பேரில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது.

2007 ஏப்ரல் 2-ஆம் தேதி வேல்ஸில் மூடிய பொது இடங்களிலும் வேலை இடங்களிலும் புகைபிடிக்கத் தடை வந்தது. அன்றைக்கு நான் கேசரி கிண்டி வார்டுக்கு எடுத்துப் போனேன். அந்தச் சட்டத்தை மனதாரக் கொண்டாடியவள் நான், இப்போதும் கொண்டாடுகிறேன். மதுக்கடையில் தட்டுக் கழுவுகிற பெண், தான் பிடிக்காத சிகரெட்டின் புகையைத் தினம் எட்டு மணி நேரம் இழுத்தாள். அந்தப் புகை அவளுக்குப் புற்றுநோயையும் இதயநோயையும் கொண்டுவரும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் காட்டியிருந்தன. வேலையை விட்டால் சோறில்லை, இருந்தால் நோய். அந்த மாதிரி இடத்தில் சட்டம் வந்துதான் ஆக வேண்டும்.

வேப் அப்படியா என்பதுதான் கேள்வி. சிகரெட்டில் புகையிலை எரிகிறது. அதிலிருந்துதான் தாரும் கார்பன் மோனாக்சைடும் வருகின்றன. வாயில் வைத்து இழுக்காமல் விரலிடுக்கில் பிடித்திருந்தாலும் அது பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் அந்தப் புகைதான். வேப்பில் எதுவும் எரிவதில்லை. சின்னக் கம்பிச்சுருள் சூடாகி, உள்ளே இருக்கிற திரவத்தை ஆவியாக்குகிறது. இழுக்காதபோது சும்மா கிடக்கும். இழுத்தவர் வெளியே விடும் ஆவி மட்டுமே அறையில் கலக்கிறது. அந்த ஆவி சுத்தமான காற்று என்று நான் சொல்ல மாட்டேன். நிக்கோட்டினும் நுண்துகள்களும் அதில் உண்டு. ஆஸ்துமாக்காரருக்கு அது எரிச்சல் கொடுக்கலாம். ஆனால் சிகரெட் புகையோடு அதை ஒரே தராசில் வைத்தால், நாங்கள் இவ்வளவு காலம் சிகரெட்டைப் பற்றிச் சொன்ன உண்மைக்கே மதிப்பில்லாமல் போகும்.

2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து வெளியிட்ட ஆய்வறிக்கை, வேப் சிகரெட்டைவிடச் சுமார் 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்றது. அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பலர் சண்டை போட்டார்கள்; நியாயமான சண்டைதான். மறு ஆண்டு ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது. சிகரெட்டின் கேட்டை 1962-லேயே ஊருக்கு உரக்கச் சொன்ன டாக்டர்கள் சங்கம் அது. புகையிலைக் கம்பெனிக்குப் பரிந்து பேசுகிறவர்கள் இல்லை.

ஆர்ச்சி கோக்ரேன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், பெனார்த் பக்கம் லான்டோக் ஆஸ்பத்திரியில் சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலை ஆராய்ந்த டாக்டர். ரோண்டா பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய் ஆட்களை எக்ஸ்ரேக்குக் கூட்டிவந்தவர்கள் அவருடைய குழுவினர். மருத்துவத்தில் எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த மனிதர். அவர் பெயரைத் தாங்கிய கோக்ரேன் அமைப்பு, உலகத்துச் சோதனைகளையெல்லாம் சலித்து 2022-இல் ஒரு முடிவு சொன்னது. நிக்கோட்டின் வேப்பை வைத்து சிகரெட்டை விட முயலும் 100 பேரில் 8 முதல் 12 பேர் வரை வெற்றி பெறுகிறார்கள். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் வைத்து முயன்றால் 6 பேர். எந்த உதவியும் இல்லாமல் என்றால் 4 பேர். இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதே. வார்டில் நின்று பார்த்தவளுக்கு அந்த நாலைந்து பேர் கூடுதல் என்பது நாலைந்து குடும்பம்.

இன்னொரு விஷயம், வேலை இடத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டது. ஆய்வாளர் பீட்டர் ஹாஜெக்கும் அவர் குழுவும் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடத்திய சோதனை 2019-இல் வெளியானது. வேப்பை வைத்து சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓர் ஆண்டு கழித்தும் வேப்பைக் கையில் வைத்திருந்தார்கள். குறை சொல்கிறவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: ஒரு பழக்கம் போய் இன்னொன்று வந்தது என்று. எனக்கும் அது முழுச் சந்தோஷம் தருகிற செய்தி இல்லை. ஆனால் அதற்கு வேறோர் அர்த்தமும் உண்டு. சிகரெட்டை விட்டவருக்கு அந்தப் பிடிமானம் ரொம்ப நாள் தேவைப்படுகிறது. விழித்திருக்கும் நேரத்தில் பாதியை அவர் கழிப்பது உன் கிடங்கு மாதிரி இடத்தில்தான்.

அந்த இடத்தில் சட்டம் என்ன செய்யும் சொல்லட்டுமா? வேப்பும் சிகரெட்டும் ஒன்று என்று எழுதிவிட்டால், வேப் அடிப்பவரும் சிகரெட் பிடிப்பவரும் ஒரே புகைக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். உன் ஆபீஸ் பின்பக்கக் கொட்டகையை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. நான் பார்த்த கொட்டகைகள் எல்லாம் ஒரே மாதிரி: மூன்று பக்கம் மங்கிப்போன பிளாஸ்டிக் தட்டி, மூலையில் ஈரத்தில் ஊறிய சிகரெட் துண்டுகள், சுவரில் திருகி வைத்த சாம்பல் பெட்டி, உள்ளே நின்றால் சட்டையிலும் தலைமுடியிலும் நாற்றம். சிகரெட்டை விட்டு மூன்றே மாதமான மனுஷனை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அங்கே நிறுத்தி, நாலு பழைய கூட்டாளிகள் பற்ற வைப்பதை வேடிக்கை பார்க்கச் சொன்னால் அவன் எத்தனை நாள் தாங்குவான்?

என்னிடம் வந்துகொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. சின்ன வயசிலிருந்தே தினம் ஒரு பாக்கெட். மனைவி செத்த பிறகு, பேரன் பிறந்த சந்தோஷத்தில் வேப்புக்கு மாறினார். ஊதிப் பார்க்கும் கருவியில் கார்பன் மோனாக்சைடு அளவு இறங்கியிருப்பதைக் காட்டியபோது, பள்ளிக்கூடத்துப் பையன் மார்க் ஷீட்டைக் காட்டுகிற மாதிரி மகளுக்கு போட்டோ எடுத்து அனுப்பினார். அவர் வேலை செய்த கம்பெனி, வேப் அடிப்பவர்களும் சிகரெட் கொட்டகையில்தான் நிற்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியது. குளிர்காலம் முடிவதற்குள் அவர் மறுபடி சிகரெட்டுக்குப் போய்விட்டார். விதி எழுதியவருக்கு அவரைத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

இந்தச் சண்டை வேல்ஸுக்குப் புதிதில்லை, பாப்பா. நீ இங்கே வருவதற்கு முன்னால் நடந்த கதை. 2014-இலேயே வேல்ஸ் அரசு இந்த யோசனையைக் கிளப்பி, 2015-இல் மசோதாவாகக் கொண்டுவந்தது. மார்க் டிரேக்ஃபோர்ட் அப்போது சுகாதார அமைச்சர். நல்ல எண்ணம் கொண்டவர் என்பதில் சந்தேகமில்லை. வேப் பிடிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு சிகரெட்டும் சகஜமாகிவிடும் என்று பயந்தார். டாக்டர்கள் சங்கமான பிஎம்ஏவின் வேல்ஸ் கிளை அவர் பக்கம். புகையிலையை வாழ்நாள் முழுக்க எதிர்த்த ஆஷ் வேல்ஸும், புற்றுநோய் ஆய்வு அமைப்பான கேன்சர் ரிசர்ச் யூகேயும் தடையை எதிர்த்தன. எதிர்ப்பு வந்த பிறகு, எல்லா வேலை இடமும் என்பதைச் சுருக்கி, பள்ளி, ஆஸ்பத்திரி, சாப்பாட்டுக்கடை என்று ஒரு பட்டியலாக்கினார்கள். 2016 மார்ச்சில் வாக்கெடுப்பு. பழைய ஒப்பந்தம் ஒன்றைப் பற்றி ஓர் அமைச்சர் மட்டமாகப் பேசிவிட்டார் என்று பிளைட் கம்ரி கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டு எதிர்த்து வாக்களித்தார்கள். 26-க்கு 26. சமமானால் தோல்வி. அந்த மசோதாவில் பச்சை குத்தும் கடைகளுக்கு உரிமம், பொதுக் கழிப்பறைத் திட்டம் என்று நல்லது எத்தனையோ இருந்தது. அத்தனையும் சேர்ந்து கவிழ்ந்தது. பிறகு வேப் தடையை எடுத்துவிட்டு மீதியைக் கொண்டுவந்தார்கள், 2017-இல் சட்டமானது. தடை விழுந்தது ஒரு கட்சியின் கோபத்தால் என்பதில் எனக்கு வருத்தம்தான். காரணத்தைப் பேசி, காரணத்தால் விழுந்திருக்க வேண்டும்.

இப்போது கதவு மறுபடி திறந்திருக்கிறது. 2024 நவம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தில் வைத்த புகையிலை, வேப் மசோதா, புகைபிடிக்கத் தடையுள்ள இடங்களில் வேப்பையும் தடுக்கும் அதிகாரத்தை அமைச்சர்கள் கையில் கொடுக்க வழி வகுத்தது. உன்னைப் போன்ற பொறுப்பான பிள்ளைகள் "சரி, போடட்டுமே" என்று இருந்துவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனமே மூடிய இடங்களில் வேண்டாம் என்கிறதே என்று நீ கேட்பாய். ஆமாம், சொல்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குத் தீங்கில்லை என்று நிரூபணமாகும்வரை தடு என்பது அவர்கள் வாதம். ஜாக்கிரதை உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் தடைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது சிகரெட்டை விடப் போராடுகிற கூலித் தொழிலாளி. ஜாக்கிரதை பார்க்கிறவர்கள் அவனையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

பிள்ளைகள் கையில் வேப் போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு பேச்சே இல்லை. 18 வயசுக்குக் கீழே விற்கக் கூடாது என்ற சட்டம் இங்கே 2015-இல் வந்தது, சரி. மிட்டாய் நிறத்தில் வந்த, ஒரு தடவை பயன்படுத்தி எறிகிற வேப்பை 2025 ஜூன் 1 முதல் தடுத்தார்கள், அதுவும் சரி. கடையில் செய்ய வேண்டிய காரியம் அது. அதற்காக, பிள்ளைகளே வராத கிடங்கில் ஐம்பது வயசு ஆளைத் துரத்துவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

நம்ம ஊரைப் பாரேன். 2019-இல் இந்தியா முழுக்க வேப் விற்பனையும் இறக்குமதியும் தடை. தமிழ்நாட்டில் அதற்கு முந்தின வருஷமே தடை. ஆனால் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் கிடைக்கும். பற்ற வைக்க வசதியாகக் கம்பத்தில் கயிறு கனன்றுகொண்டிருக்கும். அதிகம் கொல்வதைக் கடையில் வைத்துவிட்டு, அதிலிருந்து வெளியே வர உதவுவதைப் பூட்டி வைப்பது எந்தச் சுகாதாரம்? இதைச் சொல்லும்போதே ஒன்று: பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, சிநேகிதன் கேட்டான் என்று பெட்டியில் வேப் வாங்கி வைத்துவிடாதே. அங்கே அது குற்றம். உனக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அதனால் நான் முன்கூட்டியே சொல்கிறேன்.

அரசாங்கத் தடை வேண்டாம் என்றால், அவரவர் மேசையில் உட்கார்ந்து ஊதட்டும் என்று அர்த்தமில்லை. உன் கிடங்குக்கு விதி வேண்டும். அதை நீ எழுது. மேசையில் கூடாது, கூட்டத்தில் கூடாது, சாப்பிடும் இடத்தில் கூடாது. ஆஸ்துமா உள்ளவரோ கர்ப்பிணியோ பக்கத்தில் இருந்தால் அவர்கள் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதோடு, சிகரெட் கொட்டகையிலிருந்து தள்ளி, வேப் அடிப்பவருக்கென்று ஓர் இடம். ஜன்னல் உள்ள பழைய சாமான் அறையானாலும் போதும். வேப் அடிப்பவர்களை சிகரெட்காரர்களோடு ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது என்று பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்தே 2016-இல் முதலாளிகளுக்கு ஆலோசனை சொன்னது. நிக்கோட்டின் வேப்பில் மெதுவாகத்தான் ஏறும், அதனால் அடிக்கடி கொஞ்சம் தேவைப்படலாம் என்றும் அதிலே இருக்கிறது. படித்துப் பார், தலைப்புச் செய்தியோடு நிறுத்துகிற பழக்கம் உனக்கு உண்டு, அதை இந்த வயசிலேயே விடு.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. சின்ன வயசில் உன் தம்பி உன் பென்சிலைத் தொட்டால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாய். நேரே தாத்தாவிடம் ஓடுவாய். தாத்தாவும் உன் பக்கம்தான் தீர்ப்புச் சொல்வார். தம்பி மறுநாளும் எடுப்பான். பெரிய மனுஷி ஆன பிறகும் உனக்குள் அந்தத் தாத்தாவைத் தேடும் குணம் இருக்கிறது. இப்போது அவர் இடத்தில் அரசாங்கம். "உங்க ஆவி எனக்குக் கஷ்டமா இருக்கு, கொஞ்சம் தள்ளிப் போறீங்களா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் பாதிச் சட்டம் தேவைப்படாது. கேட்கப் பழகு. உன் ஊழியர்களையும் பழக்கு. நாளைக்கு உனக்கு ஒரு வீடு, அக்கம்பக்கம், மாமியார் என்று வரும்போது இந்த ஒரு பழக்கம் உன்னை எவ்வளவு சண்டையிலிருந்து காப்பாற்றும் என்று இப்போது உனக்குப் புரியாது.

நீ சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அதனால் வேப்பையும் தொடாதே. பார்ட்டியில் யாராவது மாம்பழ வாசனை என்று நீட்டினாலும் வேண்டாம். அது சிகரெட்டிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கான வழி. உள்ளேயே போகாத உனக்கு அது எதற்கு?

இந்த வாரமே கிடங்குக்குப் போய் அந்த மூன்று பேரிடமும், புகார் சொன்னவர்களிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசு. எப்போது சிகரெட்டை விட்டார்கள் என்று கேள். பிறகு உன் முதலாளியிடம் போய், கொட்டகையிலிருந்து தள்ளி ஓர் இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கு. அமைச்சர்கள் கருத்துக் கேட்கும்போது, உன் கிடங்கில் பார்த்ததை உன் பெயர் போட்டு எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை